கறுப்புக் கோடு

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. நான்கு மொழிகளிலும் அறிவிப்புகள் ஒட்டப்பட்டிருக்கும். மின்தூக்கி வரும்வரை எல்லாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் அந்தப் பலகையில் இடமே இல்லை. மணல் கோட்டை கட்டும் போட்டி, குடும்பங்களுக்கான மிதிவண்டி உலா, முதியவர்களுக்கான காலை உடற்பயிற்சி, கடற்கரைத் துப்புரவு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தார்கள். நான் துப்புரவுக்குப் பெயர் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், கடல்மீது கொண்ட அக்கறையால் அன்று. பள்ளியில் சமூக சேவைக்கான மணி நேரம் எனக்குக் குறைவாக இருந்தது.

நாங்கள் வசிப்பது மரின் பரேட். எங்கள் வீட்டுச் சன்னலைத் திறந்தால் கடல் தெரியும். கரையிலிருந்து சற்றுத் தள்ளி, துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கப்பல்கள் வரிசையாக நிற்கும். இரவில் அவற்றின் விளக்குகள் கடலுக்கு நடுவே ஓர் ஊர் இருப்பதைப் போலத் தோன்றும். கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்குப் போக விரைவுச்சாலைக்குக் கீழே சுரங்கப் பாதை இருக்கிறது. அதைக் கடந்தால் மணல்தான்.

தாத்தாவுக்கு இந்தக் கரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. "நீ நிற்கிற இடம் என் சின்ன வயதில் கடல்" என்பார். அவர் சொல்வது கதையன்று. கிழக்குக் கரையில் நிலமீட்புப் பணி 1966ஆம் ஆண்டு தொடங்கியது. பிடோக், சிக்லாப் பகுதிகளில் இருந்த குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டுவந்து கடலை நிரப்பினார்கள். அப்படி உருவான நிலத்தில்தான் 1970களில் மரின் பரேட் வீடுகள் எழுந்தன. முழுக்க முழுக்க மீட்கப்பட்ட நிலத்தில் கட்டப்பட்ட முதல் பெரிய வீடமைப்புப் பேட்டை இதுதான். நான் பிறந்ததிலிருந்து பார்க்கும் கடற்கரை மனிதர் கையால் போட்டது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில காலம் பிடித்தது.

ஜூன் மாதத்தில் இந்தக் கரைக்குத் துப்புரவு தேவைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. அது தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலம். தெற்கிலிருந்து வரும் காற்றும் நீரோட்டமும் கடலில் மிதப்பதையெல்லாம் நம் கரைக்குத் தள்ளிவிடும். மரக்கட்டைகள், கடற்பாசி, போத்தல்கள், மீன்பிடி வலையின் துண்டுகள் எல்லாம் வந்து சேரும். காலையில் பணியாளர்கள் சுத்தம் செய்துவிட்டுப் போன இடத்தில் மாலையில் மீண்டும் ஒரு வரிசை குப்பை கிடக்கும். அந்த வரிசையை அள்ளத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஆனால் அந்தத் துப்புரவு நடக்கவில்லை.

ஜூன் 14ஆம் தேதி, வெள்ளிக்கிழமை பிற்பகலில், பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நின்றிருந்த ஒரு கப்பல்மீது நெதர்லாந்துக் கொடியுடைய தூர்வாரும் கப்பல் ஒன்று மோதியது. திடீரென்று அதன் இயந்திரமும் திசைதிருப்பும் கருவியும் கட்டுப்பாட்டை இழந்ததாக அதிகாரிகள் பின்னர் தெரிவித்தனர். மோதப்பட்டது, மற்றக் கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் கப்பல். உலகிலேயே மிக அதிகமாகக் கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் துறைமுகம் சிங்கப்பூர். ஆகவே அப்படிப்பட்ட கப்பல்களை நாம் அன்றாடம் பார்க்கலாம். அதன் எண்ணெய்த் தொட்டி உடைந்து, ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது.

பாசிர் பாஞ்சாங் எங்கே, மரின் பரேட் எங்கே? இடையில் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் இருக்கிறது. எங்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்றுதான் வெள்ளிக்கிழமை இரவு நினைத்தேன். கடலுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. கடல்மட்டம் ஒரே நாளில் ஏறி இறங்கும்போது நீரோட்டம் திசை மாறி மாறிப் பாய்கிறது. நீரின்மேல் மிதக்கும் எண்ணெயும் அதனோடு போகிறது. மறுநாளே செந்தோசா, லாப்ரடார் இயற்கை வனப்பகுதி, தென் தீவுகள், கிழக்குக் கடற்கரை ஆகிய இடங்களில் எண்ணெய் ஒதுங்கியது. ஹஜ்ஜுப் பெருநாள் திங்கட்கிழமை வந்ததால் அது நீண்ட வார இறுதி. கூடாரத்தோடும் இறைச்சி வாட்டும் அடுப்போடும் வந்த குடும்பங்கள் தடுப்புக் கயிற்றைப் பார்த்துத் திரும்பிப் போயின.

சனிக்கிழமை மாலை தாத்தாவுடன் சுரங்கப் பாதை வழியாகப் போய்ப் பார்த்தேன். முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. பெட்ரோல் நிலையத்தில் நிற்பதைப் போன்ற வாடை. பிறகு கரையோரமாக ஒரு கறுப்புக் கோடு. அலை வந்து போகும் இடத்தில் யாரோ தார் ஊற்றியதைப் போல அது நீண்டு கிடந்தது. முழுப் பாதுகாப்பு உடை அணிந்த பணியாளர்கள் மண்வெட்டியால் மணலை அள்ளிப் பைகளில் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் தணியவே இல்லை. அந்த உடைக்குள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

தடுப்புக்கு அருகே ஓய்வெடுத்துக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "தமிழா?" என்றார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவராம். "நானும் உதவி செய்யலாமா, அண்ணே?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "வேண்டாம் தம்பி. மிதிச்சா உள்ளே போயிடும். அப்புறம் எடுக்க முடியாது" என்றார்.

அவர் சொன்ன அந்த ஒரு வரியில் நான் பின்னர் படித்துத் தெரிந்துகொண்ட பாதி விஷயம் இருந்தது. கரையில் படிந்த எண்ணெயின்மேல் நடந்தால் அது மணலுக்குள் ஆழமாக இறங்கிவிடும். அதன்மேல் அடுத்த அலை புதுமணலைப் போட்டு மூடும். பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும் இடத்தைத் தோண்டினால் அடியில் கறுப்பு அடுக்கு இருக்கும். எண்ணெயும் அதன் ஆவியும் தோலுக்கும் கண்ணுக்கும் எரிச்சல் தருவன. காலணியில் ஒட்டிய எண்ணெய் நல்ல இடத்துக்கும் பரவும். அள்ளிய மணலையும் குப்பையோடு போட முடியாது. தனியாகக் கொண்டுபோய்ச் சுத்திகரிக்க வேண்டும். கடலில் நடந்த வேலை வேறு. படகுகள் எண்ணெயைச் சிறு துளிகளாகப் பிரிக்கும் இரசாயனத்தைத் தெளித்தன. மிதக்கும் தடுப்புகளைக் கடலில் நீளமாகப் போட்டு, எண்ணெய் சதுப்புநிலத்துக்குள்ளும் ஓடைகளுக்குள்ளும் புகாமல் தடுத்தார்கள். மணலிலிருந்து எண்ணெயை அள்ளிவிடலாம். சதுப்புநிலத் தாவரங்களின் வேர்களுக்குள் புகுந்துவிட்டால் எப்படி அள்ளுவது?

இதற்கிடையே தொண்டூழியர்கள் வேண்டும் என்று அறிவிப்பு வந்தபோது, ஏராளமானோர் பெயர் கொடுத்தார்கள். அம்மாவும் நானும் கொடுத்தோம். நான் கையுறை, மண்வெட்டி, முகக்கவசம் எல்லாம் மனத்தில் கற்பனை செய்து வைத்திருந்தேன். விளக்கக் கூட்டத்தில் முதல் வாக்கியமே என் கற்பனையைக் கலைத்துவிட்டது. நாங்கள் எண்ணெயைத் தொடக்கூடாது. எண்ணெய் இன்னும் வந்து சேராத கரைகளில் நடந்து, வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். கண்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து அனுப்ப வேண்டும். எண்ணெய் படிந்த பறவையோ விலங்கோ கண்ணில் பட்டால் அதையும் தொடாமல் தகவல் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"இது ஒரு வேலையா?" என்று அம்மாவிடம் முணுமுணுத்தேன். அம்மா பதில் சொல்லாமல் என் கையில் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார்.

எங்கள் குழுவில் ஆறு பேர். வழிநடத்தியவர் ஓய்வுபெற்ற சீன ஆசிரியை ஒருவர். எல்லாரும் அவரை 'ஆன்ட்டி' என்றே அழைத்தோம். கடல்மட்டம் இறங்கிய நேரத்தில், ஈரமணல் தெரியும்போது நடக்க ஆரம்பித்தோம். நீர் ஏறியபோது எதைக் கொண்டுவந்து போட்டதோ அது அங்கே வரிசையாகக் கிடக்கும். அந்த வரிசையை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது என்றார் ஆன்ட்டி.

நடக்க ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மணலில் கறுப்பாக ஏதோ கிடந்தது. "இதோ!" என்று நான் போட்ட கூச்சலில் எல்லாரும் ஓடி வந்தார்கள். ஆன்ட்டி குனிந்து ஒரு குச்சியால் புரட்டினார். அது யாரோ கோழி வாட்டிவிட்டுப் போட்ட அடுப்புக்கரி. குழுவில் இருந்த உயர்நிலை நான்கு மாணவி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் காது சூடாகிவிட்டது.

அதன்பிறகு வாயைத் திறக்கவே இல்லை. சற்றுத் தூரத்தில், கற்களுக்கு இடையே தேங்கிய நீரின்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் பளபளத்தது. எண்ணெயைப் போலத்தான் இருந்தது. ஆனால் மறுபடியும் கரியாக இருந்துவிட்டால்? பார்க்காததைப் போலக் கடந்துவிட்டேன். பத்து அடி போயிருப்பேன். பாதுகாப்பு உடையில் மணல் அள்ளிய அந்த அண்ணன் நினைவுக்கு வந்தார். அது எண்ணெயாக இருந்து, நான் சொல்லாமல் போய், அடுத்த அலை அதை மூடிவிட்டால், நான்கு நாள் கழித்து அவர்தான் தோண்ட வேண்டும். திரும்பி வந்து ஆன்ட்டியைக் கூப்பிட்டேன். இந்த முறை கத்தவில்லை.

ஆன்ட்டி குச்சியை எடுத்து அந்தப் படலத்தை மெல்லத் தொட்டார். அது கண்ணாடி உடைவதைப் போலத் துண்டு துண்டாகப் பிரிந்து நின்றது. "எண்ணெயாக இருந்தால் உடையாது. சுழன்று மறுபடி ஒன்று சேர்ந்துகொள்ளும்" என்று ஆங்கிலத்தில் விளக்கினார். மண்ணில் இருக்கும் இரும்பை உண்ணும் ஒருவகை நுண்ணுயிர் இப்படிப் படலம் உண்டாக்குமாம். அறிவியல் பாடத்தில் எனக்கு யாரும் சொல்லாத செய்தி இது. அன்றிலிருந்து தேங்கிய நீரைக் கண்டால் என் கை தானாகக் குச்சியைத் தேடுகிறது; அது ஒரு நோயாகவே ஆகிவிட்டது.

ஆன்ட்டி கைப்பேசியில் இடத்தையும் நேரத்தையும் குறித்து, 'எண்ணெய் இல்லை' என்று எழுதினார். "இல்லை என்பதற்கு எதற்கு அறிக்கை?" என்று கேட்டேன். அவர் கரையின் இரு பக்கமும் கையை நீட்டிக் காட்டினார். "எவ்வளவு நீளம் பார். ஆட்கள் கொஞ்சம்தான். எங்கே இல்லை என்று தெரிந்தால்தானே, இருக்கும் இடத்துக்கு அவர்களை அனுப்ப முடியும்?" என்றார். அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்கவில்லை. அன்று எங்கள் குழு அனுப்பிய எல்லாத் தகவல்களிலும் ஒரே சொல்தான்: இல்லை, இல்லை, இல்லை. அம்மா மட்டும் வழியெல்லாம் போத்தல்களைப் பொறுக்கிப் பை நிறையச் சேர்த்துவிட்டார். எண்ணெய் வந்தாலும் வராவிட்டாலும் போத்தல்கள் வந்துகொண்டேதான் இருந்தன.

விடுமுறை முடிவதற்குள் இன்னும் இரண்டு முறை நடந்தோம். பள்ளி தொடங்கிய பிறகும் கிழக்குக் கடற்கரையில் மணல் அள்ளும் வேலை தொடர்ந்தது. முதலில் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்தார்கள். பிறகு அடியில் புதைந்ததைத் தேடினார்கள். கடைசியில், பாறைகளின் இடுக்குகளில் ஒட்டியதைக் கழுவினார்கள். இந்தக் கடைசிப் பகுதிதான் மிகவும் மெதுவாக நடந்தது. கடலில் இறங்க அனுமதி கிடைக்கும்வரை பல வாரங்கள் ஆயின. அறிவிப்புப் பலகையில் மணல் கோட்டைப் போட்டியின்மேல் 'இரத்து' என்று ஒட்டிய தாள் வெயிலில் மஞ்சளாகிக் கிடந்தது.

கரை மீண்டும் திறந்த பிறகு ஒரு காலையில் தாத்தாவோடு போனேன். பழைய இடம்தான். அலை, குழந்தைகள், மிதிவண்டிகள் எல்லாம் முன்பைப் போலவே இருந்தன. எரிபொருள் நிரப்பும் கப்பல் ஒன்று, காத்திருக்கும் பெரிய கப்பலை நோக்கி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. தாத்தா நெடுநேரம் நடந்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு செருப்பைக் கழற்றி, திருப்பி, அடிப்பாகத்தை உற்றுப் பார்த்தார்.

"என்ன தாத்தா?" என்றேன்.

"ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு, மற்றச் செருப்பையும் கழற்றிப் பார்த்தார்.