பயிற்சி முடிந்து கல்லூரிக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கு

 

நம் பிள்ளைகளில் பலர் படிக்கும்போதே தொழிற்பயிற்சிக்குச் சென்று வருகிறார்கள். கல்லூரியில் என்றால் சில வாரங்கள். சாண்ட்விச் டிப்ளமோ என்றால் மூன்றரை வருடப் படிப்பில் இரண்டு முறை. சிவகாசி அச்சகம், பட்டாசு ஆலை, விருதுநகர் மண்டி, ராஜபாளையம் மில் என்று ஓர் இடம் பிடித்துக் கொடுக்கத்தான் நாம் எல்லோரும் அலைகிறோம். இடம் கிடைத்ததும் நம் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம். பிள்ளை திரும்பி வந்த பிறகு சான்றிதழ் பீரோவுக்குள் போய்விடுகிறது. அங்கே என்ன கற்றாய், அதை வைத்து இனி என்ன செய்யப் போகிறாய் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

நம் ஊர்த் தொழிலே பயிற்சிக்குப் போய்த் திரும்பியவர்கள் தொடங்கியதுதான். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க கல்கத்தாவுக்குச் சென்றார்கள். சில மாதங்கள்தான் அங்கே இருந்தார்கள். 1923இல் ஜெர்மன் இயந்திரங்களை வரவழைத்து இங்கே தொழிலைத் தொடங்கினார்கள். பிறகு அதையே நம் வறண்ட பூமிக்கும் ஆள்வசதிக்கும் ஏற்ற கைத்தொழிலாக மாற்றிக்கொண்டார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டதால் அச்சுத்தொழிலும் இங்கே வளர்ந்தது. கல்கத்தாவில் பார்த்ததை அப்படியே நகல் எடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். திரும்பி வந்தபின் யோசித்ததால் வந்த பலன் இது.

மாணவர்களே, திரும்பி வந்த முதல் வாரத்திலேயே எழுத உட்காருங்கள். ஒரு மாதம் போனால் பாதி மறந்துவிடும். சென்ற வருட மாணவரின் ரிப்போர்ட்டை வாங்கி, பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கும் வழக்கம் இருப்பது நமக்கும் தெரியும். வைவாவில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளுத்துவிடும்.

என்ன எழுதுவது? கண்ணால் பார்த்த ஒன்றுக்கு 'ஏன்' என்று கேட்டு எழுதுங்கள். ஆப்செட் அச்சகத்தில் இருந்த பிள்ளை, நான்கு கலரும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காமல் விலகியதைப் பார்த்திருப்பார். மிஷின்மேன் "பேப்பர் ஈரம் குடிச்சிருச்சு" என்று சொல்லியிருப்பார். காற்றின் ஈரப்பதத்தால் காகிதம் விரிவது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அன்று வகுப்பில் தூங்கிய அதே பக்கம் இப்போது புரியும். பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் இரும்புக் கருவிக்கு இடமில்லை. ஏன் என்று வேதியியல் மாணவர் இப்போது ஆசிரியரிடம் கேட்கலாம். மண்டியில் கணக்கெழுதிய பி.காம். பிள்ளைக்கு ஜிஎஸ்டி பாடம் கையில் பிடித்த பில்லாகவே நிற்கும்.

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கும் அங்கிருந்தே பொருள் எடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் சரியான கலர் வருமுன் எத்தனை ஷீட் வேஸ்ட் ஆகிறது என்று பத்து வேலைக்குக் கணக்கெடுத்தால் அதுவே நல்ல புராஜெக்ட். கடையில் காசு கொடுத்து வாங்கும் புராஜெக்ட்டைவிட ஆயிரம் மடங்கு மேல். முதலாளியிடமும் ஒரு பிரதி கொடுங்கள். படிப்பு முடிந்து வேலை கேட்கும்போது உங்களை நினைவில் வைத்திருப்பார்.

ஒன்றில் மட்டும் கவனம். அங்கே பார்த்ததெல்லாம் உங்கள் சொத்தல்ல, அமானிதம். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாகும்வரை ஒவ்வொரு அச்சகமும் தன் டிசைனைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கும். அதைப் போனில் படம்பிடித்து நண்பர்களுக்கு அனுப்புவதும் ரிப்போர்ட்டில் ஒட்டுவதும் துரோகம். படம், விலை, வாடிக்கையாளர் பெயர் எதுவானாலும் அனுமதி கேட்டே சேருங்கள். சான்றிதழில் தேதி, பிரிவு, கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பெற்றோர்களுக்கு. நமக்கு அதிகக் கவலை தருவது இதுதான். பயிற்சியில் கைச்செலவுக்குக் காசு பார்த்த பிள்ளைக்குக் கல்லூரிக்குத் திரும்ப மனசு வருவதில்லை. "நல்லா வேலை செய்றே, இங்கேயே இருந்துக்கோ" என்று முதலாளியும் சொல்வார். வீட்டில் கடன் இருந்தால் அத்தாவும் மௌனமாகிவிடுவார். அந்தக் கஷ்டத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் டிப்ளமோவை முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்படி நடக்கும் ஓராண்டு பயிற்சிக்கும் உதவித்தொகையோடு போகலாம். தென் மாநிலங்களுக்கு அதைக் கவனிக்கும் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பாதியில் நின்ற பிள்ளைக்கு இந்த இரண்டு வாசலும் அடைபட்டுவிடும். இன்று கிடைக்கும் சம்பளம் ஐந்து வருடம் கழித்தும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும். முதலாளியிடம் "படிப்பை முடிச்சிட்டு வர்றான், அதுவரை லீவு நாளில் வரட்டும்" என்று நீங்களே போய்ப் பேசலாம். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் தடை வேறு விதம். பயிற்சிக்கு அனுப்பியதே பெரிய விஷயம், இனி கல்யாணப் பேச்சுதான் என்று சில வீடுகளில் முடிவெடுத்துவிடுகிறார்கள். மகள் அங்கே என்ன வேலை செய்தாள், யாரோடு செய்தாள் என்பதை ஒரு மாலை நேரம் உட்கார்ந்து அவள் வாயால் கேளுங்கள். முடிவை அதற்குப் பிறகு எடுங்கள்.

ஃபீஸ் கட்ட வழியில்லாமல்தான் படிப்பு நிற்கிறது என்றால் பரீட்சைக் கட்டணத்தின் கடைசித் தேதி வரை காத்திருக்காமல் முன்கூட்டியே நம் அறக்கட்டளைக்குத் தெரிவியுங்கள். செய்தி வெளியே போகாது. ரிப்போர்ட் எழுதத் தடுமாறும் பிள்ளைகள் ஜுமுஆவுக்குப் பிறகு பயிற்சி டைரியோடு அலுவலகத்துக்கு வரலாம். முதல் வரைவை நம் கல்விக் குழுவினர் உடன் உட்கார்ந்து படித்துப் பார்ப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.