மற்றவர் இடத்தில் நாம்



பிள்ளைகள் டாக்டர் விளையாட்டு விளையாடுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு குழந்தை வைத்தியர், இன்னொன்று நோயாளி. இதையே பெரியவர்கள் ஒரு நோக்கத்தோடு செய்யும்போது, உளவியலில் ‘பாத்திரமேற்று நடித்தல்’ என்கிறோம். இதற்கு வேஷம் தேவையில்லை. ஒரு சூழ்நிலையும் இரண்டு நாற்காலிகளும் போதும்.

இதை ஒரு சிகிச்சை முறையாக வளர்த்தவர் ஜேக்கப் மொரேனோ (1889–1974). வியன்னாவில் மருத்துவம் பயின்ற இவர் 1925-ல் அமெரிக்கா சென்றார். 1936-ல் நியூயார்க் மாநிலத்திலுள்ள பீக்கன் என்னும் ஊரில் மனநல மருத்துவமனை தொடங்கி, அங்கே நாடக மேடையும் அமைத்தார். நோயாளிகள் தங்கள் மனத்துயரை அதில் நடித்துக் காட்டினார்கள். பாத்திரங்களை மாற்றிக்கொள்வது இம்முறையின் முக்கியமான பகுதி. மகனிடம் ஓயாமல் கோபிக்கும் தகப்பன் மகனாக உட்கார வேண்டும். தான் வழக்கமாகச் சொல்லும் கடுஞ்சொற்களை அவரே கேட்க வேண்டும்.

மருத்துவக் கல்வியிலும் இது பயன்படுகிறது. 1963-ல் கலிபோர்னியாவில் நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பேரோஸ், ஒரு பெண்ணை நோயாளியாக நடிக்கப் பழக்கி, மாணவர்களின் திறமையைச் சோதித்தார். இன்று பல நாடுகளில் இம்முறை உண்டு. “உங்கள் பிள்ளைக்குப் புற்றுநோய்” என்று ஒரு தாயிடம் சொல்வது எளிதல்ல. ஒத்திகையில் தவறினால் திருத்திக்கொள்ளலாம். அவசரமாகச் சொன்ன சொல்லை அந்தத் தாய் ஆயுளுக்கும் மறக்கமாட்டாள்.

குடிப்பழக்கத்தை விட்டவருக்கும் ஒத்திகை உதவும். கல்யாண வீட்டில் பழைய சிநேகிதன், “இன்றைக்கு ஒரு நாள்தானே” என்று கிளாசை நீட்டுவான். ஆலோசகர் அந்தச் சிநேகிதனாக நடிக்கிறார். முதல் தடவை இவருடைய குரல் தடுமாறும். திரும்பத் திரும்பப் பழகியபின், “வேண்டாம், நான் விட்டுவிட்டேன்” என்று தெளிவாகச் சொல்வார்.

வீட்டில் இதைச் செய்ய மூன்று குறிப்புகள்:

1. ஒரு சிறிய சம்பவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. எதிராளியைக் கேலி செய்யாமல், அவர் பேசுவதுபோலவே பேசுங்கள்.

3. முடிந்ததும் நடிப்பை விட்டு, “உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று ஒருவரையொருவர் கேளுங்கள்.

ஒருவரையும் நடிக்கக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆழமான மனக்காயம் உள்ளவர்களுக்குப் பயிற்சி பெற்ற ஆலோசகரே துணைநிற்க வேண்டும்.

இந்த வாரம் யாரோடு நமக்கு மனத்தாங்கல்? அவருடைய நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, அவர் சார்பில் பேசிப் பார்ப்போமா?