அடுக்குகளை எப்போது இணைக்கலாம்?

சமூக அறிவியல் வகுப்புக்காகத் தமிழ்நாட்டு ஆறுகளின் வரைபடம் ஒன்றை ஜிம்ப் என்னும் கட்டற்ற மென்பொருளில் தயாரித்து வைத்திருக்கிறேன். அதில் மூன்று அடுக்குகள். அடியில் மாநில எல்லைக்கோடு, அதன்மேல் ஆறுகள், எல்லாவற்றுக்கும் மேலே பெயர்கள். டிரேசிங் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது போலத்தான். பெயர் அடுக்கின் கண் குறியைச் சொடுக்கினால் பாலாறு, தென்பெண்ணை, காவிரி, வைகை, தாமிரபரணி ஆகிய பெயர்கள் மறையும். அப்படியே அச்சிட்டால் பயிற்சித்தாள். கண்ணைத் திறந்துவிட்டு அச்சிட்டால் விடைக்குறிப்பு.

வேலை முடிந்ததும் அடுக்குகளையெல்லாம் இணைத்துவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. 'எக்ஸ்போர்ட்' கொடுத்துப் பிஎன்ஜி அல்லது ஜேபெக் படமாக எடுக்கும்போது, அந்தப் படத்தில் அடுக்குகள் தாமே ஒன்றாகிவிடும். 'சேவ்' செய்த எக்ஸ்சிஎஃப் கோப்பில் அவை தனித்தனியாகவே இருக்கும். ஃபோட்டோஷாப் பயன்படுத்துவோருக்குப் பிஎஸ்டி கோப்பு.

இணைத்தால் என்ன ஆகும்? எழுத்து, எழுத்தாக இராது, வெறும் படப்புள்ளிகளாகிவிடும். 'தாமிரபரனி' என்று தட்டச்சாகியிருந்தால் 'ன'வை 'ண' ஆக்க முடியாது. அழிக்கப் போனால் அடியிலுள்ள ஆற்றின் கோடும் சேர்ந்து அழியும். வகுப்பு முழுவதும் அந்தப் பிழையைப் பார்த்தெழுதும்.

'மெர்ஜ் டவுன்' ஓர் அடுக்கை அதற்கு நேர் கீழுள்ள அடுக்கோடு மட்டும் சேர்க்கிறது. 'மெர்ஜ் விசிபிள் லேயர்ஸ்' கண் திறந்திருக்கும் அடுக்குகளைச் சேர்க்கிறது. கவனிக்க வேண்டியது 'ஃப்ளாட்டன் இமேஜ்'. அது கண் மூடிய அடுக்குகளை நீக்கிவிடும். ஒளிபுகும் இடங்களைப் பின்னணி நிறத்தால் நிரப்பிவிடும். பயிற்சித்தாள் நிலையில் இதைக் கொடுத்தால் பெயர்கள் அத்தனையும் போய்விடும். கன்ட்ரோல் இசட் அழுத்தி மீட்கலாம், ஆனால் கோப்பை மூடும் வரைதான்.

இணைப்பதற்கும் இடமுண்டு. ஐந்து ஆறுகளையும் ஐந்து அடுக்குகளில் வரைந்து, இடம் சரிபார்த்த பின் ஒன்றாக்கினேன். இனி அவற்றைத் தனித்தனியே நகர்த்தப் போவதில்லை. பழைய கணினிகளில் நினைவகச் சுமையும் குறைகிறது. இணைந்த வடிவமும் வேண்டும், மூல அடுக்குகளும் வேண்டும் என்றால் 'நியூ ஃப்ரம் விசிபிள்' இருக்கிறது. இணைந்த நகலைப் புதிய அடுக்காகத் தந்துவிட்டு, மற்றவற்றைத் தொடாமல் விடும்.

இப்போது எட்டாம் வகுப்பு மாணவர்கள் அதே கோப்பில் அணைகளுக்கென நான்காவது அடுக்கைச் சேர்த்து வருகிறார்கள். மேட்டூர், வைகை, பாபநாசம் குறித்தாயிற்று. அடுத்த வாரம் சாத்தனூர்.