மூடிய சுற்றைத் திறக்கும் வேளை: ஹெக்சேன் ஆலைகளுக்குப் பட்டாசு மண் தரும் பாடங்கள்

விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணையிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வெடிமருந்தோடு புழங்கிவரும் உழைப்பாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்திருக்கும் பாதுகாப்பு அறிவு, பட்டாசுத் தொழிலுக்கு மட்டும் உரியதன்று. எண்ணெய் வணிகத்துக்குப் பெயர்பெற்ற அதே மாவட்டத்தின் புண்ணாக்கும், தமிழகத்து அரிசி ஆலைகளின் தவிடும் போய்ச் சேரும் சால்வன்ட் ஆலைகளுக்கும், அதாவது ஹெக்சேன் என்ற பெட்ரோலியக் கரைப்பானில் எஞ்சிய எண்ணெயைக் கரைத்தெடுக்கும் ஆலைகளுக்கும், அந்த அறிவு பெரிதும் பொருந்தும். இவ்வகை ஆலைகளின் அனுபவம் வலியுறுத்தும் அடிப்படைப் பாடம் ஒன்றே: சுற்று மூடியபடி சீராக ஓடும்போது இருக்கும் ஆபத்தைவிட, அதைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் கோளாறு பார்க்கத் திறக்கும்போதும் நேரும் ஆபத்து பன்மடங்கு பெரிது.

சுற்றும் அதன் இயல்பும்

எக்ஸ்ட்ராக்டர் என்ற கலத்தில் புண்ணாக்கின் மேல் ஹெக்சேன் பொழிய, எண்ணெய் அதில் கரைந்து ‘மிசெல்லா’ எனப்படும் கலவையாக வடிகிறது. மிசெல்லாவை நீராவியால் சூடாக்கினால், 69 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கும் ஹெக்சேன் ஆவியாகி எண்ணெயை விட்டுப் பிரிகிறது. சக்கையில் ஊறி நிற்கும் ஹெக்சேனை ‘டிடி’ எனப்படும் அடுக்குக் கலத்தில் நீராவி செலுத்தி வெளியேற்றுகிறார்கள். இரு வழியாகவும் வரும் ஆவி கண்டென்சரில் குளிர்ந்து திரவமாகி, நீர் பிரிக்கப்பட்டபின் தொட்டிக்குத் திரும்புகிறது.

காற்றில் ஹெக்சேன் ஆவி ஏறத்தாழ 1.1 விழுக்காட்டுக்கும் 7.5 விழுக்காட்டுக்கும் இடைப்பட்டிருந்தால் மட்டுமே அது தீப்பிடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கலத்தினுள் ஆவி அந்த மேல்வரம்பைக் கடந்து மிகுந்திருப்பதால் எரிவதற்குப் போதிய காற்று அங்கே இல்லை. ஆனால் ஆலையை நிறுத்திக் காற்றை உள்ளே விடும்போதும், காற்று நிறைந்த கலத்தில் மீண்டும் ஆவியை ஏற்றும்போதும், கலவை அந்த எரியும் எல்லையைக் கடந்தே ஆகவேண்டும். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் அவசரம் கூடாது என்று மூத்த ஆபரேட்டர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

சிந்திய ஹெக்சேனின் அளவைக் கண்ணால் மதிப்பிடுவதும் தவறாகும். ஒரு லிட்டர் திரவம் முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 190 லிட்டர் ஆவியாகி, 17 கன மீட்டர் காற்றை, அதாவது ஒரு சிறிய அறை முழுவதையும், தீப்பிடிக்கும் நிலைக்குக் கொண்டுவரக்கூடும். அந்த ஆவி காற்றைப்போல் மூன்று மடங்கு கனமானதால், தரையோடு படர்ந்து, குழிகளிலும் சாக்கடைகளிலும் தங்கி, சிந்திய இடத்துக்கு வெகுதொலைவில் உள்ள நெருப்பைத் தேடிச் செல்லும்.

பொறி பிறக்கும் இடங்கள்

பட்டாசு ஆலைகளில் மருந்து அறைக்குள் நுழையுமுன் தரையோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொடுவதும், நைலான் தவிர்த்துப் பருத்தி உடுத்துவதும், இரும்புக் கருவிகளை விலக்குவதும் உடலிலும் உராய்விலும் பிறக்கும் பொறியைத் தடுப்பதற்காகவே ஏற்பட்ட விதிகள். மின்சாரத்தை எளிதில் கடத்தாத ஹெக்சேன் குழாயில் பாயும்போதே தன்னுள் நிலைமின்சாரத்தைச் சேர்த்துக்கொள்வதால், சால்வன்ட் ஆலைக்கும் இவ்விதிகள் அத்தனையும் தேவைப்படுகின்றன. டேங்கர் லாரி வந்து நின்றதும் மூடியைத் திறப்பதற்கு முன்பே எர்த் கம்பியை மாட்டவேண்டும். ஹெக்சேனை மேலிருந்து கொட்டாமல் தொட்டியின் அடிவரை நீளும் குழாய் வழியாக இறக்கவேண்டும். குழாயின் வாய் திரவத்தில் மூழ்கும்வரை வேகம் வினாடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டலாகாது.

கோளாறுகளும் அவற்றின் தீர்வும்

கோளாறுகளில் முதலிடம் மின்தடைக்கு உரியது. மின்சாரம் நின்றால் குளிர்நீர் பம்பு நின்றுவிடும். ஆனால் பாய்லரில் தேங்கிய நீராவி தொடர்ந்து பாய்ந்து, குளிர்விக்க வழியில்லாத ஆவியை வெளியே தள்ளும். எனவே, மின்சாரம் போன நொடியில் முதலில் மூடவேண்டியது நீராவி வால்வு என்பது ஷிப்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் பாடமாகியிருக்கவேண்டும். மின்சாரம் போனால் தானே மூடிக்கொள்ளும் வால்வும், பம்பின் துணையின்றித் தானே இறங்கிவரும் மேல்நிலைத் தொட்டி நீரும் இருப்பது இன்னும் நன்று.

இரண்டாவது, சித்திரை, வைகாசி மாதங்களில் கூடும் ஹெக்சேன் இழப்பு. கரிசல் வெயிலில் குளிர்நீர் தன் குளிர்ச்சியை இழக்க, கண்டென்சர் ஆவியை முழுமையாகத் திரவமாக்க இயலாமல் போகிறது. இந்நிலையில் உற்பத்தியைக் குறைப்பதும், கண்டென்சர் குழாய்களில் படிந்த உப்பைக் கோடைக்கு முன்பே நீக்கிவைப்பதும், எஞ்சிய ஆவியைக் கனிம எண்ணெயால் உறிஞ்சும் அமைப்பைச் சரிபார்ப்பதும் உரிய வழிகள். அன்றாட இழப்புக் கணக்கு திடீரென ஏறுமானால் அதனைச் செலவுக் கணக்காகப் பாராமல் கசிவின் முன்னறிவிப்பாகவே கொள்ளவேண்டும்.

மூன்றாவது, அடைப்பு. தூள் மிகுந்த தவிடோ ஈரம் மிகுந்த புண்ணாக்கோ எக்ஸ்ட்ராக்டரில் கரைப்பானை வடியவிடாது. டிடியில் அது கட்டிதட்டி நின்றுவிடும். அப்போது கதவைத் திறந்து இரும்புக் கம்பியால் குத்திவிடும் பழக்கம் மிகக் கொடியது. ஏனெனில் கட்டியின் நடுவே சிக்கியிருக்கும் ஹெக்சேனும், புதிதாக நுழையும் காற்றும், கம்பியின் உராய்வும் அங்கே ஒன்றுகூடுகின்றன. அடைப்புக்கு மெய்யான மருந்து, மூலப்பொருளின் ஈரத்தையும் தூளையும் வாசலிலேயே சோதித்துத் திருத்துவதாகும்.

உள்ளே இறங்குவதற்கு முன்

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு, நச்சாவி இருக்கக்கூடிய கலத்தினுள் தகுதியுள்ள ஒருவர் சோதித்து எழுத்தில் சான்றளித்தாலோ, நுழைபவர் தக்க சுவாசக் கருவியும் வெளியில் ஒருவர் பிடித்திருக்கும் கயிற்றோடு இணைந்த பெல்ட்டும் அணிந்திருந்தாலோ அன்றி எவரும் நுழையலாகாது என்றது. தக்க பாதுகாப்புச் சாதனமின்றிக் கலத்தினுள் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கைப் பயன்படுத்துவதை அதன் 36ஏ பிரிவு தடுத்தது. இதனோடு ஓர் அனுபவக் குறிப்பையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்: பல ஆலைகளில் பயன்படும் வினையூக்கி வகை வாயுமானி, ஆக்சிஜன் குறைந்த இடத்தில் ஆவி நிறைந்திருந்தாலும் குறைவாகவே காட்டும். எனவே முதலில் ஆக்சிஜனையும் அடுத்து ஆவியையும் அளந்து, கனமான ஆவி தங்கும் அடிமட்டத்திலும் சோதித்து, வேலை நீடித்தால் மீண்டும் மீண்டும் அளப்பதே முறையாகும்.

கழிவுநீரும் கூட்டமும்

1981 பிப்ரவரி 13 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரில், சோயா எண்ணெய் ஆலை ஒன்றிலிருந்து சாக்கடைக்குள் சென்ற ஹெக்சேன் வெடித்து, மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தெருக்களைப் பிளந்தது. உயிர்கள் தப்பின என்றாலும், ஆலையின் ஆபத்து அதன் மதிற்சுவரோடு முடிவதில்லை என்பதை அது உலகுக்கு உணர்த்தியது. ஆகவே, ஹெக்சேனிலிருந்து பிரிந்த நீரைக் கொதிக்கவைத்து எஞ்சிய ஹெக்சேனை மீட்டபின்னரே வெளியே விடவேண்டும்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு ஆலை விபத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முதல் வெடிப்புக்குப்பின் உதவவும் பார்க்கவும் ஓடிவந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த விபத்தை ஒட்டி, ஒருவர் பெயரில் உள்ள உரிமத்தைப் பலருக்குக் குத்தகைக்கு விட்டு, அளவுக்கு மீறிய ஆட்களை வைத்து வேலை வாங்கும் வழக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. கசிவு நேர்ந்தால் கூட்டத்தைக் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமாக விலக்கவேண்டும் என்பதும், பழுதுபார்க்கும் இடத்தில் வேலைக்கு வேண்டியவர் தவிர எவரும் நிற்கலாகாது என்பதும், ஆலையைக் குத்தகைக்கு எடுப்பவர் அதன் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கவேண்டும் என்பதும் இவற்றிலிருந்து சால்வன்ட் ஆலைகள் கற்கவேண்டியவை.

இவ்விதிகள் அனைத்தும் ஏட்டளவில் நின்றுவிடாமல் உயிர்பெற வேண்டுமானால், ஆவியின் வாடை வந்த நொடியில் எவரையும் கேளாமல் ஆலையை நிறுத்தும் அதிகாரம் ஷிப்டில் நிற்கும் தொழிலாளிக்கு எழுத்தில் வழங்கப்படவேண்டும். நிறுத்தியதால் நேரும் உற்பத்தி இழப்பு அவருடைய கூலியிலோ வேலையிலோ கைவைக்காது என்ற உறுதியையும் நிர்வாகம் அளிக்கவேண்டும். இரவு ஷிப்டில் முடிவெடுக்கத் தயங்கும் ஒருவரின் தயக்கத்தைப் போக்க அதைவிட வலிய பாதுகாப்புக் கருவி வேறில்லை.