தலைக்கவசமும் இழப்பீடும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

'எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்' என்பது முதுமொழி. அச்சிரசைக் காக்கும் தலைக்கவசம் அணியாமல் சென்றவர் விபத்தில் அடிபட்டால், அவருக்கு இழப்பீடு உண்டா? இவ்வினா என் வீட்டிலேயே எழுந்தது.

என் சிற்றப்பா பட்டு நெசவாளர். பாவு வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் திரும்புகையில், எதிர்ப்புறம் தாறுமாறாக வந்த வேன் மோதி அவருடைய வலது கால் முறிந்தது. தலையில் கீறல்கூட இல்லை. ஆயினும் சமரசம் பேச வந்தவர், "ஹெல்மெட் போடவில்லையே, கோர்ட்டுக்குப் போனாலும் ஒன்றும் கிடைக்காது. கொடுப்பதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்" என்றார். வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பதால், எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கும் விடை தெரியவில்லை. அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

சட்டம் சொல்வது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்கு உண்டு. மீறினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது.

ஆனால் அபராதம் வேறு, இழப்பீடு வேறு. இழப்பீட்டைத் தீர்மானிக்கும் தீர்ப்பாயம் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விபத்து யாரால் நேர்ந்தது? காயம் எதனால் பெரிதாயிற்று?

2020இல் உச்சநீதிமன்றம் முகம்மது சித்திக் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. ஒரே மோட்டார் சைக்கிளில் மூவர் சென்றது விதிமீறல்தான். எனினும் அம்மீறல் விபத்துக்கோ பாதிப்புக்கோ காரணமாயிற்று என்று நிரூபிக்கப்படாதவரை, அதனை மட்டும் காட்டி இழப்பீட்டைக் குறைக்கலாகாது என்று கூறி, உயர்நீதிமன்றம் செய்திருந்த 10 விழுக்காட்டுக் கழிவை நீக்கியது.

இயற்பியல் சொல்வது

தலைக்கவசத்தின் உள்ளே தெர்மோகோல் போன்ற நுரை இருக்கிறது. மோதலில் அது நசுங்குவதால், தலை நின்றுபோக எடுக்கும் நேரம் சற்றே நீள்கிறது. உந்த மாற்றம் அதேதான். நேரம் கூடுவதால் விசை குறைகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்த 2008ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று, தலைக்கவசம் மரண அபாயத்தை 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாகக் கண்டது.

ஆகவே தலையில் அடிபட்டவரிடம், "அணிந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்குமா?" என்று கேட்பது நியாயமே. இங்கிலாந்தில் 1971இலேயே இத்தகைய வழக்கொன்றில் 15 விழுக்காடு கழிக்கப்பட்டது. நம் நாட்டிலும் தலைக்காய வழக்குகள் சிலவற்றில் ஒரு பகுதி கழிக்கப்பட்டதுண்டு. பத்து லட்சம் வரவேண்டிய இடத்தில் 15 விழுக்காடு கழிந்தால் நட்டம் ஒன்றரை லட்சம்! ஆனால் முறிந்த காலைத் தலைக்கவசம் எவ்வாறு காத்திருக்கும்?

தறியும் காலும்

குழித்தறியில் மிதிகட்டையை மிதிப்பது கால்தான். 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்சநீதிமன்றம், மருத்துவர் தரும் ஊன விழுக்காடு வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பு வேறு என்றது. எழுத்தர் ஒருவருக்குச் சிறிய குறையாகத் தோன்றுவது நெசவாளிக்குப் பிழைப்பையே பறிக்கலாம். எனவே கூலி எழுதிய புத்தகத்தையும் மருத்துவச் சீட்டுகளையும் பத்திரப்படுத்த வேண்டும். விபத்து நடந்து ஆறு மாதத்திற்குள் மனுச் செய்யவேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்ததையும் மறக்கலாகாது. வசதியற்றோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

சிற்றப்பா கையெழுத்துப் போடவில்லை. மனு தீர்ப்பாயத்தில் இருக்கிறது. எவ்வளவு கிடைக்கும் என்று அறியோம். ஆனால் 'ஒன்றும் கிடைக்காது' என்பது பொய் என்று அறிந்தோம்.

நண்பர்களே, தலைக்கவசம் அணியுங்கள். அது உயிருக்குக் காப்பு. அணியாமல் அடிபட்டவர் வீட்டில் யாரேனும் தாளை நீட்டினால், படித்துப் பார்க்காமல் கையெழுத்திட விடாதீர்கள். நாம் கற்ற கல்விக்கு அதைவிட வேறு பயன் என்ன?