எண்ணெய்ச் சட்டியை 20-ஆம் தேதிக்குள் இறக்கிவிடுங்கள்

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் வாசலுக்கு வாசல் நட்சத்திரம் ஏறிக்கொண்டிருக்கும் நேரம் இது. கீழே வருவது அந்த மூன்று மாவட்டத்துக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது. மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் வழக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சொல்ல வருவது ஒன்றுதான்: டிசம்பர் 24-ஆம் தேதி மாலையிலிருந்து ஆராதனை முடியும்வரை வீட்டில் யாரும் அடுப்படியில் நிற்கக் கூடாது. பல வீடுகளில் நடப்பது வேறு. நள்ளிரவுத் திருப்பலிக்கோ அதிகாலை ஆராதனைக்கோ எல்லோரும் புதுத்துணி உடுத்திப் புறப்பட்ட பிறகு, எண்ணெய் வாசனை போகாத கையோடு அம்மா கடைசியாக ஓடி வருகிறார். கோவிலில் உட்கார்ந்ததும் கண் சொக்குகிறது. வருஷம் முழுக்கக் காத்திருந்த இரவு அவருக்கு மட்டும் கிடைப்பதில்லை. இதற்கு 24-ஆம் தேதி பரிகாரம் கிடையாது. இந்த வாரம் உண்டு.

முதல் வேலை தலைக்கணக்கு. யார் வருகிறார்கள், எந்த ரயிலில், எத்தனை இரவு தங்குகிறார்கள், யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மாடி ஏற முடியாது என்பதை ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டுங்கள். "வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்பது அன்பான பேச்சுதான். ஆனால் அந்தப் பார்த்துக்கொள்கிற பாரம் யார் தலையில் விழும் என்று வீட்டுக்குத் தெரியும்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இன்றே போன் போடுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது. ஆகவே 23-ஆம் தேதி நெல்லை, முத்துநகர், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்களுக்கு டிக்கெட் எடுக்கும் போட்டி அக்டோபர் கடைசியிலேயே தொடங்கி முடிந்திருக்கும். காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்கள் சிறப்பு ரயில் அறிவிப்பைக் கவனிக்க வேண்டும். தட்கல் முந்தைய நாள் காலை 10 மணிக்குக் குளிர்சாதனப் பெட்டிகளுக்கும், 11 மணிக்கு மற்ற வகுப்புகளுக்கும் திறக்கும். 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். அந்தச் சரிபார்ப்பை இந்த வாரமே முடித்து வைக்கச் சொல்லுங்கள். திரும்பிப் போகிற டிக்கெட்டையும் கேட்டுவிடுங்கள். ஜனவரி 1-ஆம் தேதி இரவு வண்டிகளில் இடம் கிடைப்பது இன்னும் கஷ்டம்.

அடுத்தது கேக். முந்திரி, திராட்சை, பேரீச்சம்பழம், ஆரஞ்சுத் தோல், இஞ்சி முரப்பா எல்லாம் அக்டோபரிலேயே ரம்மில் ஊறிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு ஆலோசனை தேவையில்லை. இன்னும் ஊறப்போடாதவர்கள் இன்றே போடலாம். பத்து நாள் ஊறினாலே நன்றாக இருக்கும். 15-ஆம் தேதி வாக்கில் சுட்டு, வெண்ணெய்த் தாளில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் பண்டிகைக்குள் ருசி கூடிவரும். ரம் சேர்க்காதவர்கள் பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறியதும் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் போதும். சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்தால் புளித்துப் பூசணம் பிடிக்கும். இந்தக் கேக் அதிக நாள் தாங்காது என்பதால் 20-ஆம் தேதி சுடுவது சரி. சீனியைக் கருக்கி நிறம் சேர்க்கும்போது அதில் பச்சைத் தண்ணீர் விடாதீர்கள், தெறிக்கும். வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மாவைக் கொடுத்துப் பேக்கரியில் சுட்டு வாங்குகிறவர்கள் இப்போதே தேதி கேட்டு வையுங்கள். கடைசி வாரத்தில் அவர்கள் அடுப்பில் அவர்கள் சரக்குக்கே இடம் இருக்காது. டிசம்பரில் முட்டை விலை வழக்கமாக ஏறுகிறது. தேவையான முட்டையை மாத நடுவிலேயே வாங்கிவிடுங்கள்.

இனி பலகாரம். நேரத்தை விழுங்குவதும், இடுப்பை ஒடிப்பதும், வீட்டையே மணக்க வைப்பதும் இதுதான். 10-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் இடையில் இரண்டு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் சுடலாம் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு நடக்கும் நாட்கள் என்பதால், அவர்கள் உதவி விடுமுறை நாளில்தான் கிடைக்கும்.

மாவு வேலைதான் முதலில் தடுக்கும். மழை நாளில் ஊறவைத்த அரிசி மொட்டைமாடியில் காயாது. வீட்டுக்குள் வெள்ளைத் துணியில் பரப்பி, காற்றாடிக்குக் கீழே ஈரப்பதத்தோடு எடுத்துவிடுங்கள். ஈர அரிசி எந்த நேரத்தில் அரைப்பார்கள் என்று மில்லில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. அதிரச மாவை வெல்லப் பாகில் கிளறி இரண்டு நாளாவது ஊறவிட வேண்டும். எனவே அதை எல்லாவற்றுக்கும் முன்னால் கிளறி வையுங்கள்.

முந்திரிக்கொத்து இல்லாமல் நாகர்கோவில் பக்கத்தில் கிறிஸ்துமஸ் கிடையாது. சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்துப் பொடித்து, கருப்பட்டியோ வெல்லமோ பாகு காய்ச்சி, எள், ஏலம், தேங்காய் சேர்த்து உருட்டுவது முதல் நாள் மாலை வேலை. அரிசிமாவுக் கரைசலில் மஞ்சள் சேர்த்து, மும்மூன்றாக முக்கிப் பொரித்து எடுப்பது மறுநாள் வேலை. இதில் கவனிக்க வேண்டியது தேங்காய். அது நன்றாகச் சிவக்க வறுபட வேண்டும். ஈரம் தங்கினால் இந்த மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் உள்ளுக்குள் பூசணம் பூத்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது.

அச்சுமுறுக்குக்கு அச்சைக் காய்ந்த எண்ணெயிலேயே போட்டு வைத்திருங்கள். சூடான அச்சை மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்குங்கள். விளிம்பு மூழ்கினால் முறுக்கு கழன்று வராது. புது அச்சு வாங்கியிருந்தால் முந்தின இரவே எண்ணெயில் ஊறவிடுங்கள்.

சுடும் வரிசைக்கும் ஒரு நியாயம் உண்டு. முதலில் முறுக்கு. பிறகு முந்திரிக்கொத்து. கடைசியில் அதிரசம், ஏனென்றால் பாகு கசிந்து எண்ணெயைக் கறுக்கச் செய்வது அதுதான். முட்டை சேர்த்த அச்சுமுறுக்கை வேறொரு நாள், வேறு எண்ணெயில் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் கீழே வருகிறது. தூத்துக்குடி மக்ரூனை மட்டும் கடைசியில் வாங்குங்கள். மழைக்காற்று பட்டால் ஒரு பொழுதில் நமுத்துவிடும்.

பிழிய ஒரு ஆள், எடுக்க ஒரு ஆள், டப்பாவில் அடுக்க ஒரு ஆள் என்று மூன்று பேராவது வேண்டும். தெருவில் நாலு வீடு சேர்ந்து இன்று உன் வீடு, நாளை என் வீடு என்று சுடுகிற வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. விட்டுப்போன இடங்களில் இந்த வருடம் மறுபடி தொடங்கலாம். வீட்டு ஆண்கள் மில், சந்தை, கேஸ் சிலிண்டர் என்று வெளிவேலையை மட்டும் எடுத்துக்கொண்டு ஒதுங்க வேண்டாம். பெரிய எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் இரண்டு மணி நேரம் நிற்பதும் அவர்களால் முடியும்.

பலகாரத் தட்டு எங்கெல்லாம் போகிறது என்ற பட்டியல் விருந்தாளிப் பட்டியலைவிட முக்கியம். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் யார் வீட்டிலிருந்து தட்டு வந்தது என்று நினைத்துப் பார்த்து எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே என்ன போகலாம் என்று குறியுங்கள். டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறந்துவிடும். பல வீடுகளில் அந்த மாதம் முழுக்க அசைவம் கிடையாது. சபரிமலைக்கு மாலை போட்டிருப்பவர்களின் மண்டல விரதமும் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் முடிகிறது. கேக்கில் முட்டை இருப்பது எல்லோருக்கும் தெரியும். அச்சுமுறுக்கிலும் முட்டை இருக்கிறது என்பதைக் கொடுப்பவரும் மறக்கிறார், வாங்குபவரும் கேட்பதில்லை. அதனால்தான் வேறு நாள், வேறு எண்ணெய். மாலை போட்ட வீட்டுக்குப் பழத்தட்டு அனுப்புங்கள். நோன்பு முடிந்ததும் பலகாரம் கொடுத்தால் யாரும் கோபிக்கப் போவதில்லை. முஸ்லிம் வீட்டுக்கு ரம் சேர்த்த கேக் போகக் கூடாது. கடையில் வாங்கிய கேக் என்றால் உறையைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

அந்தப் பட்டியலின் தலைப்பில் எழுத வேண்டியவை இந்த வருடம் துக்கம் நேர்ந்த வீடுகள். அங்கே எண்ணெய்ச் சட்டி ஏறாது. அவர்களுக்கான பங்கை 24-ஆம் தேதிக்கு முன்பே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்துவிட்டு ஓடிவராமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உறவினர் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 2004 டிசம்பர் 26-இல் சுனாமியில் போனவர்களுக்காக அங்கே ஆண்டுதோறும் அந்த நாளில் நினைவுத் திருப்பலியும் அஞ்சலியும் நடக்கின்றன. 26-ஆம் தேதி விருந்துக்கு என்று கிளம்பி அங்கே போய் நிற்காதீர்கள். அஞ்சலிக்குப் போவதாக இருந்தால் போங்கள்.

மழையை மறந்து திட்டம் போடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்ததும் தென் மாவட்டத்தார் யாருக்கும் மறந்திருக்காது. மாவு, சீனி, பருப்பு, புதுத்துணி எல்லாவற்றையும் தரையில் வைக்காமல் பரணில் ஏற்றுங்கள். சிலிண்டரை முன்னதாகவே பதிந்து ஒன்று கையிருப்பில் வையுங்கள். வாசலில் தொங்கும் நட்சத்திரத்துக்கும் சீரியல் செட்டுக்கும் போகிற ஒயரில் இணைப்பு எதுவும் மழையில் நனையும் இடத்தில் இருக்கக் கூடாது. வைக்கோல் வேய்ந்த குடிலுக்குள் மெழுகுவர்த்தி வேண்டாம், எல்.இ.டி. விளக்கே போதும். குடிலில் பச்சைப்புல் வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளிடம் 14-ஆம் தேதி ஒரு கைப்பிடிக் கேழ்வரகைக் கொடுத்து மண்தட்டில் தூவச் சொல்லுங்கள். 24-க்குள் விரல் நீளத்துக்கு வந்துவிடும்.

கேரல் குழு உங்கள் தெருவுக்கு எந்த இரவு வருகிறது என்று அன்பியத்திலோ சேகரத்திலோ கேட்டு வையுங்கள். நடுராத்திரியில் தொண்டை கட்டப் பாடிவிட்டு வருகிற பிள்ளைகளுக்குச் சுக்குக் காப்பி சூடாக இருக்க வேண்டும். வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெல்லப் பாடிவிட்டுப் போவார்கள்.

பரிசுகளில் அவசரமானது தையல். 10-ஆம் தேதிக்கு மேல் பெரும்பாலான தையற்கடைகளில் துணி வாங்கமாட்டார்கள். அடுத்தது, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பால்காரர், தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர், கோவில் உபதேசியார் ஆகியோருக்குக் கொடுக்க வேண்டியது. இதை 15-ஆம் தேதிக்குள் பணமாகவே கொடுத்துவிடுங்கள். 24-ஆம் தேதி இரவு கொடுக்கும் சேலையைவிட, கடைக்குப் போய்த் தன் பிள்ளைக்குப் பிடித்ததை வாங்க நேரம் இருக்கும்போது கொடுக்கும் பணம் அவர்களுக்கு உதவும். பெரிய குடும்பமாகக் கூடுகிறவர்கள் எல்லோரும் எல்லோருக்கும் வாங்குவதை விட்டுவிட்டு, சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒருவர் என்று வையுங்கள். தொகைக்கு ஒரு வரம்பும் வேண்டும். வருமானம் குறைந்த தம்பி, அண்ணன் வாங்கியதைப் பார்த்துக் கூசி நிற்கும் நிலை வரக் கூடாது. வெளிநாட்டுக்குப் பலகாரம் அனுப்புவோர் இந்த வாரமே அனுப்ப வேண்டும். அந்த நாட்டுக்குள் எந்த உணவை விடமாட்டார்கள் என்பதைக் கூரியர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

கறிக்கடையில் 15-ஆம் தேதிக்குள் எத்தனை கிலோ என்று சொல்லி வையுங்கள். 22-இல் இஞ்சி பூண்டு அரைத்து, 23-இல் இட்லி மாவு ஆட்டி, 24 காலையில் பிரியாணிக்கு வெங்காயம் வதக்கி வைத்துவிடலாம். ஆராதனை முடிந்து வந்ததும் இட்லிக்கோ இடியாப்பத்துக்கோ வேண்டிய ஆட்டுக்கறிக் குழம்பை 24 பிற்பகலில் வைத்து இறக்குங்கள். ஆனால் தேங்காய் சேர்க்காதீர்கள். ஆறவிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் சிறு பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் நன்றாகக் கொதிக்கவிட்டு, அப்போது தேங்காய் அரைத்து ஊற்றிக்கொள்ளலாம். மத்தியானப் பிரியாணியை மட்டும் 25 காலையில் செய்யுங்கள். அதையும் இரவுவரை வெளியில் வைத்திருக்க வேண்டாம்.

சுட்ட பலகாரத்தில் ஒரு டப்பாவைப் பெயர் எழுதி, நாடா ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்துவிடுங்கள். 31-ஆம் தேதி இரவு ஆராதனை முடிந்து புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல வருகிறவர்களுக்கு அது வேண்டும். அதற்காக மறுபடி சட்டி ஏற்றக் கூடாது.