புதைத்த கேபிளில் எர்த் இல்லை, பொறுப்பு யாருக்கு?

கேள்வி: எங்கள் வீட்டு மீட்டர் போர்டிலிருந்து பின்கட்டுக்கு 30 மீட்டர் ஆர்மர்டு கேபிள் புதைத்து லைன் கொடுத்தார் ஒரு ஒப்பந்ததாரர். பின்கட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். போன மழையில் அங்குள்ள இரும்பு கேட்டைத் தொட்ட குடித்தனக்காரரின் மனைவிக்கு ஷாக் அடித்து, விழுந்ததில் கை முறிந்துவிட்டது. கேபிளின் மேல் இருக்கும் இரும்புக் கம்பிகளுக்கு எர்த்தே கொடுக்கவில்லை என்கிறார் வேறொரு எலெக்ட்ரீஷியன். ஒப்பந்ததாரரோ, "அந்தக் கம்பி மண்வெட்டி படாமல் காக்கத்தான். பின்கட்டில் தனி எர்த் ராடு அடித்திருக்கிறேன். ஈபியிலேயே கனெக்‌ஷன் கொடுத்துவிட்டார்கள்" என்கிறார். யார் மீது வழக்குப் போடலாம்?
- ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: முதலில் அந்த லைனின் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். சரிசெய்யும்வரை போடாதீர்கள். இதைச் சட்டக் காரணத்துக்காகவும்தான் சொல்கிறேன். நேற்றுவரை உங்களுக்குக் குறை தெரியாது, இன்று தெரியும். தெரிந்தும் விட்டுவைத்து, நாளை உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவு உங்கள் மீதும் பாயலாம்.

ஒப்பந்ததாரர் சொல்லும் மூன்றுமே நிற்காது. மின் வயரைக் காக்கும் உலோக உறை முழு நீளத்துக்கும், இணைப்புப் பெட்டிகளைத் தாண்டியும், விட்டுப்போகாமல் எர்த்துடன் இணைந்திருக்க வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. இன்று நடப்பில் இருப்பவை மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு ஒழுங்குமுறைகள். அவற்றிலும் அந்தக் கடமை தொடர்கிறது.

காரணம் எளிது. உள்ளே ஃபேஸ் வயரின் இன்சுலேஷன் ஓரிடத்தில் கிழிந்தால் 30 மீட்டர் கம்பியும் மின்சாரம் ஏறி நிற்கும். திரும்பிப்போக வழி இல்லாததால் எம்.சி.பி. விழாது, கேட்டைத் தொடுபவரின் உடலே வழியாகிவிடும். தனி ராடு மட்டும் போதாது. ராடின் எர்த் தடை 10 ஓம் என்றால், 230 வோல்ட்டில் ஓடுவது 23 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு அசையாது. முறையான வேலை என்றால் இரு முனையிலும் கிளாண்ட் போட்டுக் கம்பிகளை இறுக்கி, அங்கிருந்து தாமிர வயர் எடுத்து மீட்டர் போர்டின் எர்த் பாரில் சேர்க்க வேண்டும். பெட்டி பிளாஸ்டிக் என்றால் கிளாண்டில் எர்த் டேக் கட்டாயம். கம்பியை வெட்டி டேப் சுற்றிச் சொருகியிருந்தால், அதைப் புகைப்படம் எடுக்காமல் யாரையும் கைவைக்க விடாதீர்கள். வழக்கில் உங்கள் முதல் சாட்சி அதுதான். மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈபியின் பொறுப்பு பொதுவாக மீட்டரோடு முடிகிறது. அதற்கு அப்பால் உள்ள வயரிங் உங்களுடையது. அதனால்தான் பலருக்குத் தெரியாத ஒரு கடமை உங்கள் தலையில் விழுகிறது. மின்சாரச் சட்டம், 2003-இன் 161-ஆம் பிரிவுப்படி, காயம் ஏற்பட்ட மின் விபத்தை மின் ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உடனே தெரிவியுங்கள். அவர் விசாரித்துத் தரும் அறிக்கை வழக்கிலும் உங்களுக்கு உதவும்.

ஒப்பந்ததாரர் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று புகார் கொடுக்கலாம். காலக்கெடு 2 ஆண்டு. வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. வாடகை வருமானம் வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். குடியிருக்கும் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டதற்கு அந்த வாதம் எடுபடும் என்று நான் நினைக்கவில்லை. பில் இருக்கிறதா? இல்லையென்றால் வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் செய்தி எதுவானாலும் எடுத்து வையுங்கள். அவருக்கு மின் ஒப்பந்ததாரர் உரிமம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். உரிமம் இல்லாமல் இந்த வேலையைத் தொட்டிருந்தால் அவர் தரப்பு அங்கேயே பலவீனமாகிவிடும்.

கை முறிந்த அம்மா உங்கள் மீதே இழப்பீடு கேட்டு வழக்குப் போட முடியும். அவருடைய மருத்துவச் செலவை இப்போதே நீங்கள் ஏற்றுக்கொண்டு ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். அந்தத் தொகையையும் சேர்த்தே ஒப்பந்ததாரரிடம் கேளுங்கள். வக்கீல் நோட்டீஸை இந்த வாரமே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள்.